காஸ் பில் வருகிற கிழமை

காஸ் பில் எங்கள் வீட்டுக்குக் கடிதமாக வந்ததில்லை. என் புருஷனுடைய போனுக்குத்தான் வரும். அதனால் அது வந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு முதலே தெரியாது. பின்னேரம் அவர் வேலையால் வந்து கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். சாதாரணமாகச் சாத்தினால் தேத்தண்ணி போடுவேன். அறைந்து சாத்தினால் மகளை அவளுடைய அறைக்குள் அனுப்பிவிட்டு, அடுப்பில் கொதிக்கிற எதையும் இறக்கி வைப்பேன். கொதிக்கிற கறிக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கக் கூடாது. முழங்கையில் இருக்கிற தழும்பு அதைப் படித்த நாளில் வந்தது.

எனக்கு எதற்கும் பயம் வரும். கதவைப் பூட்டினேனா, இஸ்திரிப்பெட்டியை நிறுத்தினேனா, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று ஒரு நாளைக்குப் பல தடவை பார்ப்பேன். கலியாணத்துக்கு முதலே அப்படித்தான். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது சண்டையால் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கம், விட்டுவிட்டேன். பிறகு யார் எதைப் பற்றி உறுதியாகச் சொன்னாலும் அவர்களுக்கு என்னை விடத் தெரியும் என்று நினைக்கிற பழக்கம் வந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்லுகிற மனிதர்.

ஆக்லாந்தில் மனுகாவுக்குக் கிட்ட, கட்டைக் கால்களில் நிற்கிற பழைய பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அதில் காஸில் ஓடுகிற சென்ட்ரல் ஹீட்டிங் இருந்தது. வீட்டுக்கு அடியில் ஒரு இயந்திரம். அது சூடாக்குகிற காற்று குழாய்கள் வழியாக வந்து ஒவ்வொரு அறையின் நிலத்திலும் இருக்கிற கம்பித் துவாரத்தால் மேலே வரும். அவருக்கு அதில் பெரிய பெருமை. பால் காய்ச்சிய அன்றைக்கு வந்த அவருடைய கூட்டாளி ஒருவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, காலை அதன் மேல் வைக்கச் சொன்னார்.

"நிலத்துக்குள்ளாலை சூடு வருது, பாரும்."

"காலுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் வந்தவர். "பில் வரேக்கை தலையும் சுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்குத்தான் சாமி அலுமாரியையும் வைத்தோம். பாரமான மர அலுமாரி, என்னை விட உயரம். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார். சாமி கிழக்கைப் பார்க்க வேண்டும் என்றால் நடைபாதையின் ஒரு சுவரில்தான் வைக்கலாம் என்று முடிவாகியது. அந்தச் சுவரில் பெரிய வெள்ளைச் சட்டம் ஒன்று பதித்திருந்தது. சரிவான தகடுகளை அடுக்கிச் செய்த, யன்னல் அளவான சட்டம்.

"இதிலை ஏதோ ஓட்டையள் கிடக்கு," என்றேன். "மறைச்சாப் பரவாயில்லையே?"

"அது அந்தக் காலத்துக் காத்தோட்டம். மறைச்சா நல்லதுதான், குளிர் வராது."

கூட்டாளியும் அவரும் அலுமாரியைத் தள்ளிச் சுவரோடு ஒட்ட வைத்தார்கள். நான் படங்களுக்குப் பூ வைத்து விளக்கு ஏற்றினேன்.

முதல் குளிர்காலம் வந்தபோது வீடு சூடாகவில்லை. இயந்திரம் மட்டும் ஓடியது. அடியில் கிடந்து உறுமும், திடீரென்று நிற்கும், ஒரு இருமலோடு திரும்பவும் தொடங்கும். துவாரத்தில் கையை வைத்தால் நோயாளியின் மூச்சுப் போல மெலிந்த சூடு வரும். சுவரில் இருந்த சின்னப் பெட்டியில் நாங்கள் கேட்ட அளவு ஒரு எண், வீடு இருக்கிற அளவு இன்னொரு எண். இரண்டும் ஒரு நாளும் சந்திக்கவில்லை.

மகளுக்கு இழுப்பு. நெஞ்சு விசில் அடிக்கும். வீட்டைச் சூடாக, ஈரமில்லாமல் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம். ஹீட்டரைப் போட்டால் பில். போடாவிட்டால் பிள்ளையின் நெஞ்சு. இரண்டுக்கும் நடுவில் என் உடம்பு இருந்தது.

முதல் பெரிய பில் வந்த அன்று அவர் என்னைக் கோபமில்லாமல்தான் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். இதைப் படியும்."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எழுத்துகள் சின்னவை. நான் தொகையைப் படித்தேன்.

"அதுக்குக் கீழை."

கீழே இருந்த எண்ணையும் படித்தேன்.

"உது ஆர் செலவழிச்சது?"

"பிள்ளைக்கு இழுப்பெண்டு..."

"நான் ஆரெண்டு கேட்டனான்."

போன் இருந்த கையாலேயே அடித்தார். போனின் மூலை காதுக்குப் பின்னால் வெட்டியது. கழுத்தால் இரத்தம் இறங்கியபோது சட்டையில் பட்டால் போகாதே என்றுதான் முதலில் யோசித்தேன். போன் உடைந்ததா என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை, பில்தான் இதைச் செய்விக்கிறது. பில் குறைந்தால் அடி நின்றுவிடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன், வேலைக்குப் போனேன், சமைத்தேன்.

மீட்டர் வீட்டின் பக்கவாட்டில், வேலியோரம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. விடிய வேலைக்குப் போக முதலும் பின்னேரம் வந்தவுடனும் போய்ப் பார்ப்பேன். சிலந்தி வலையை விலக்கி, எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே வருவேன். எது எவ்வளவு தின்கிறது என்று பிடிக்கப் பார்த்தேன். ஒரு நாள் சுடுதண்ணிப் பைப்பைத் தொடாமல் இருந்தேன். ஒரு நாள் சமையலைக் கரண்ட் அடுப்பில் மட்டும் செய்தேன். எண் கொஞ்சம்தான் அசைந்தது. ஹீட்டர் ஓடிய நாளில் மட்டும் பாய்ந்தது.

நான் மீட்டர் பார்ப்பதை அவர் கண்டுபிடித்தார். அடுத்த பில் வந்த அன்று மழை. தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே கொண்டுபோனார். காலில் செருப்பு இல்லை. சேற்றில் முழங்கால் தேய்ந்தது.

"வாசியடி."

எண்ணைச் சொன்னேன்.

"போன பில்லுக்கு என்ன இருந்தது?"

அதையும் சொன்னேன். எனக்கு மறக்காது, பயம் உள்ளவர்களுக்கு எண் மறக்காது.

"கழி."

கழித்துச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

"பில்லிலை இருக்கிறது இதிலும் பத்து மடங்குக்கு மேலை. மிச்சத்தை ஆர் குடிச்சது? நீ எனக்குக் கள்ளக் கணக்குச் சொல்லுறாய், என்ன? எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வேறை."

என் முகத்தைப் பெட்டியோடு வைத்து அழுத்தினார். தகரத்தின் விளிம்பு கன்னத்தில் பதிந்தது. கண்ணுக்கு நேரே சிவப்பு எண் மெல்ல உருண்டது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மகள் போட்டிருக்க வேண்டும், எங்களுடைய சத்தம் கேட்காமல் இருக்க. பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகி, திரும்பவும் மூடியது. பிறகு விலாவில் உதை விழுந்தது.

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் எனக்குப் பெட்டி கட்டுகிற வேலை. அடுத்த நாள் அட்டைப்பெட்டியைத் தூக்க முடியவில்லை. என்னோடு ஒரே மேசையில் நிற்கிறவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னை விட இளையவள். புருஷன் படிக்கிறார், இவள் உழைக்கிறாள். வாய் ஓயாது.

"என்னக்கா, கையைத் தூக்கவே மாட்டேங்கிறீங்க. விழுந்துட்டீங்களா?"

"ஓம், வாசல் படியிலை."

"உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கேன்ல. முழங்கால் உசரம்கூட இல்லாத படி அது. அதுல விழுந்தா முட்டி பேரும், விலா எப்படிப் பேரும்?"

நான் டேப்பை இழுத்து ஒட்டினேன்.

"கன்னத்துல கோடு வேற. படி கன்னத்துல ஏறி மிதிச்சுதா?"

"காஸ் பில் கூடிப்போச்சு," என்றேன்.

அவள் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். நாங்கள் அட்டை வெட்டுகிற கத்தி அது, நாக்குப் போல வெளியே வந்து போகும். அந்த நாட்களில் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வேறு யோசனைகள் வரும். வெட்டுகிற கோட்டை விட்டுக் கை விலகிப் போகும். அதைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

"எங்க ஊர்ல கரண்ட் பில் கூடினா ஈபி ஆபீஸ்ல போய்ச் சண்டை போடுவோம்," என்றாள் அவள். "பொண்டாட்டி விலாவில போய்ப் போட மாட்டோம்."

தேத்தண்ணி இடைவேளையில் காஸ் கொம்பனிக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். கேட்ட விபரங்களுக்கு நான் பதில் சொன்னேன், மிச்சம் அவள் கதைத்தாள். மறுபக்கத்தில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. பிறகு இவள் சொன்னாள்.

"மீட்டர்ல ஓடுறது எவ்வளவு காஸ் போச்சுங்கிற அளவு. பில்லுல போடுறது அந்தக் காஸுல எவ்வளவு சூடு இருக்குங்கிற அளவு. ரெண்டும் வேற வேற. ஒரு எண்ணால பெருக்கித்தான் போடுறாங்க, அதான் பத்துப் பதினோரு மடங்கு வருது. நீங்க சொன்ன கணக்கு சரிதான். போன மாசம் ஆளு வந்து மீட்டர் பாக்காம குத்துமதிப்பா வேற போட்டிருக்காங்க, இந்த மாசம் சேத்துப் பிடிச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு, அந்த அளவு வீட்டுக்கு இது ரொம்ப அதிகமாம். ஹீட்டரைச் செக் பண்ணுங்கன்னு சொல்றா."

என் கணக்கு சரி என்றது எனக்குப் பெரிய சந்தோஷம். பின்னேரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை எப்படிச் சொல்வது என்று பழகிக்கொண்டே போனேன். நல்ல நேரம் பார்த்து, அவர் சாப்பிட்டு முடிந்த பிறகு, மெல்லச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, சாப்பிட்ட கோப்பையை என் தலைக்கு மேல் சுவரில் எறிந்தார்.

"என்ரை வீட்டுக் கதையைக் கொம்பனிக்காரிக்குச் சொல்லிப்போட்டு எனக்குப் படிப்பிக்க வாறியோ."

பீங்கான் துண்டுகளைக் கூட்டும்போது சோற்றுப் பருக்கைகளும் சேர்ந்து வந்தன. அந்தக் கிழமை அவர் புதிய சட்டம் போட்டார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் ஹீட்டர் ஓடக் கூடாது. நானும் பிள்ளையும் பச்சைத்தண்ணியில் குளிக்க வேண்டும். வேலையால் வந்தவுடன் சப்பாத்தைக் கழற்ற முதல் குனிந்து நிலத்துத் துவாரத்தில் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்க்கிறது போல. சூடு இருந்தால் எழும்புகிற கையோடேயே அடி.

பள்ளிக்கூடம் விட்டு மகள் நீல உதட்டோடு வருவாள். நான் ஹீட்டரைப் போடுவேன். அவர் வர முதல் நிறுத்திவிட்டு, துணியைப் பச்சைத்தண்ணியில் நனைத்து ஒவ்வொரு துவாரத்துக்கும் மேல் போடுவேன். கம்பி குளிர்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு துணியைப் பிழிந்து, ஈரத்தைத் துடைத்து, யன்னலைத் திறந்து வீட்டின் சூட்டை வெளியே விடுவேன். காஸைக் கொளுத்திச் சூடாக்கிய காற்றை நானே ஆக்லாந்துக் குளிருக்குத் தள்ளிவிட்டேன். பில் ஏன் ஏறாது.

ஒரு நாள் துணி காய முதல் வந்துவிட்டார். ஈரத்துணியை என் வாய்க்குள் அடைத்தார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை ஒரு பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது.

வரலட்சுமி விரதம் வந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். மகளுக்கு இழுப்பு, பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுக்காக ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் லீவு போட்டு வீட்டைக் கழுவினேன். ஒரு வருட விளக்குப் புகையில் சாமி அலுமாரியின் முதுகு கறுத்திருக்கும், அதையும் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. கால்களுக்குக் கீழே பழந்துணியைச் செருகி, ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். விலா வலித்தது. கை நுழைகிற அளவுக்கு அலுமாரி நகர்ந்தது.

நிலத்துக்கு அடியில் சத்தம் மாறியது. உறுமல் போய், நீளமாக ஒரு பெருமூச்சு.

திரிக் கட்டுச் சுற்றியிருந்த தாள் தட்டில் இருந்து எழும்பி, எனக்கு முன்னால் பறந்து போய் அந்த வெள்ளைச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. விழவில்லை. நான் இன்னும் இழுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் என் உள்ளங்கையை உறிஞ்சியது.

அது பழைய காலத்துக் காற்றோட்டம் இல்லை. இயந்திரம் மூச்சு எடுக்கிற மூக்கு. வீட்டுக்குள் இருக்கிற காற்றை அந்த வழியால் இழுத்து, சூடாக்கி, நிலத்தால் திருப்பித் தருகிறது. நாங்கள் அதன் மூக்கைப் பொத்தி, முன்னால் விளக்கு ஏற்றி வைத்திருந்தோம். காற்றுக் கிடைக்காமல் அது சுட்டுப்போய் நிற்கும், ஆறும், பிறகும் காஸைக் கொளுத்தும். நாள் முழுவதும் அதே வேலை. சட்டத்தை நெம்பித் திறந்தேன். உள்ளே இருந்த வடிகட்டி, விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தார் பூசியது போல இருந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டினேன்.

நடைபாதையில் மகள் துவாரத்துக்கு மேல் போய் நின்றாள். காற்று எழும்பி அவளுடைய சட்டையைக் குடை போல விரித்தது.

"அம்மா, லுக். ஐ ஆம் அ பலூன்."

அவள் இழுப்பில்லாமல் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாள். கொஞ்ச நேரத்தில் சுவர்ப்பெட்டியில் இரண்டு எண்களும் ஒன்றாகின. இயந்திரம் நின்றது. தானாக நின்றது. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அறியாததால் உடைத்துப்போட்டேனோ என்று நடுங்கிப்போய் இருந்தேன்.

நடுக்கம் போன பிறகு வேறு பயம் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? திசை பார்த்தவர் அவர். அலுமாரியைத் தள்ளியவர் அவர். ஒரு குளிர்காலம் முழுவதும் அடித்தது தன்னுடைய பிழைக்காக என்று அவருக்குத் தெரிந்தால் அதற்கு யார் அடி வாங்குவது என்று எனக்குத் தெரியும்.

அதனால் சொல்லவில்லை. அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, அதன் இரண்டு பக்கத்திலும் என் கூறைச்சேலையைத் தொங்கவிட்டு மறைத்தேன். விரதத்துக்குச் சோடித்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வடிவா இருக்கு," என்றார்.

விரதம் முடிந்தும் நான் சேலையைக் கழற்றவில்லை. மீட்டர் நல்லபிள்ளையாக ஊர்ந்தது. பின்னேரங்களில் துவாரம் சூடாக இருந்ததா என்று பார்ப்பதைக்கூட அவர் மறந்து போனார், வீடு அவருக்கும் இதமாக இருந்ததால். அந்த நாட்களில் கை ஓங்கவில்லை. நான் நினைத்தது சரி, பில்தான் காரணம், முடிந்துவிட்டது என்று நம்பினேன். கிடங்கில் என் சிநேகிதிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

"பில்லு குறைஞ்சா மனுஷன் மாறிடுவானாக்கும்," என்றாள் அவள். "என் நம்பரை பாப்பாவுக்கும் குடுத்து வைங்க."

அடுத்த பில் வந்த அன்று கார்க் கதவு மெல்லச் சாத்துப்பட்டது. கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். மகளைத் தூக்கினார். சாப்பிடும்போது போனை மேசையில் சாய்த்து வைத்தார். தொகை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

பிறகு தன்னுடைய கூட்டாளிக்குப் போன் எடுத்தார், பால் காய்ச்சிய அன்று வந்த அதே ஆள். எங்களுக்கு முன்னாலேயே கதைத்தார்.

"நீர் சொன்னீர் எல்லோ தலை சுடுமெண்டு. இப்ப பாரும். ஒரு மருந்தும் இல்லை. இறுக்கிப் பிடிச்சு ரெண்டு போட்டா பில் தன்ரை பாட்டிலை இறங்கும்."

மறுபக்கம் சிரித்தது கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அன்பாகத்தான்.

"பாத்தீரே? முதலே போட்டிருந்தா இவ்வளவு காசு போயிருக்காது."

என் கையில் கொத்துரொட்டி அப்படியே நின்றது. மகள் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பில் ஏறினபோது அதற்காக அடித்தார். பில் இறங்கியது, அடித்ததால் இறங்கியது என்கிறார். நான் கழுவிய வடிகட்டியையும் தள்ளிய அலுமாரியையும் எடுத்து அவருடைய கையில் நானே பிரம்பாகக் கொடுத்திருந்தேன். இனி அவள் பரீட்சையில் குறைந்த மார்க் எடுத்தாலும் இதே மருந்துதான்.

"அது அடியாலை குறையேல்லை," என்றேன்.

"என்ன?"

"அலுமாரியாலை. நீங்கள் வைச்ச இடத்தாலைதான் இவ்வளவு நாளும் பில் ஏறினது. நான் தள்ளி வைச்சனான். குறைஞ்சிட்டுது."

என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு மெலிந்திருந்தது. ஆனால் அவருக்குக் கேட்டது. எழும்பி நடைபாதைக்குப் போனார். சேலையைப் பிடித்து இழுத்தார். சட்டத்தைப் பார்த்தார், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். கையை வைத்தும் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்கியதை நான் அவருடைய பிடரியில் பார்த்தேன்.

இரண்டு கையாலும் அலுமாரியைப் பிடித்துக் கவிழ்த்தார்.

படங்கள் எல்லாம் ஒன்றாக உடைந்தன. எண்ணெய் பலகையில் பரவியது, குங்குமம் அதற்குள் விழுந்து சிவந்தது, குத்துவிளக்கு உருண்டு வந்து என் காலடியில் நின்றது. நல்ல காலம், அது எரியவில்லை. மகள் நடைபாதையின் மறுமுனையில், துவாரத்துக்கு மேல் நின்றாள்.

"டாட், ஸ்டாப் இட்," என்றாள்.

"நீயும் இவளோடை சேந்து ஒளிச்சனியோ?"

கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு அவளை நோக்கிப் போனார். அதுவரைக்கும் அவர் அவளைத் தொட்டதில்லை. அவர் கையை ஓங்கினார். நான் குத்துவிளக்கின் தண்டைப் பிடித்து, ஓங்கிய முழங்கையில் அடித்தேன். எலும்பின் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். இன்னொருவரிடம் இருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அவர் அலறிக்கொண்டு எண்ணெயில் வழுக்கி விழுந்தார். எழும்பப் பார்த்தார். எழும்பினால் திரும்பவும் அடிப்பேன் என்று விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அடித்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், எழும்பவில்லை.

மகள் தன் அறைக்குள் ஓடி, எனக்குத் தெரியாமல் பாடமாக்கி வைத்திருந்த சிநேகிதியின் நம்பருக்குப் போன் எடுத்தாள். அவளும் புருஷனும் வந்து சேர முதலே பொலிஸ் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மனுஷி கூப்பிட்டிருக்கிறாள். என்னைத்தான் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்து மகளுக்கு உடுப்பு எடுத்து வைக்கத் தொடங்கினேன். பொலிஸ்காரி என் வாயைத் திறக்கச் சொல்லி, பல் போன இடத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மனுஷி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நிறைய நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள், மீட்டர் பெட்டியைக் கையால் காட்டிக் காட்டி. கடைசியில் அவரைத்தான் வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். கையை நெஞ்சோடு அணைத்தபடி கதவால் போகும்போது என்னிடம் சொன்னார்:

"ஹீட்டரை நிப்பாட்டு. வீணா ஓடுது."

அவர் திரும்பி வர முடியாதபடி பிறகு கோர்ட்டில் இருந்து தடை உத்தரவு வந்தது. வாடகையை நான் தனியாகக் கட்ட முடியாது என்பதால் சிநேகிதியும் புருஷனும் முன் அறைக்கு வந்தார்கள். அலுமாரியை அவளுடைய புருஷன் ஆணி அடித்து நிமிர்த்தினான். எதிர்ச்சுவரில் வைத்தோம்.

"அக்கா, சாமி மேக்க பாக்குறாரே."

"பாக்கட்டும்."

"எங்க அம்மா பாத்தா அழுதுருவாங்க."

"அவரும் காத்துக்கு வழி விட்டுத்தான் இருக்கோணும்."

அடுத்த குளிர்காலம் நல்ல குளிர். வீட்டில் ஆட்கள் கூட, அவள் வேறு சுடுதண்ணியில் மணிக்கணக்காக நிற்பாள், சொன்னால் "எங்க ஊர்ல வெயில்தான் ஹீட்டர், இங்கதான் அனுபவிக்கிறேன்" என்பாள். ஒரு பின்னேரம் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. காஸ் பில் இப்போது எனக்குத்தான் வருகிறது. திறந்தேன். முந்தின பில்லின் இரண்டு மடங்கு.

தோள் தானாக மேலே போய்க் காதைத் தொட்டது. சாம்பார்ச் சட்டியை அடுப்பில் இருந்து இறக்கி, பின்னால் தள்ளி வைத்தேன். மகள் எங்கே என்று பார்த்தேன், அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். சுவரோடு சாய்ந்து நின்றேன். வெளியே ஒரு கார் போனது. அது நிற்கவில்லை.

சிநேகிதி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினிக்குள் வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா இறக்கி வச்சுட்டீங்க? முருங்கைக்கா இன்னும் வேகவே இல்ல."

நான் சட்டியைத் திரும்பவும் அடுப்பில் வைத்தேன்.